சென்னை பஸ்ஸுக்கு முந்தின காட்சி

நாடகக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு உள்ளே வந்தவர்கள் முகம் மறந்துபோகும். வராதவர்கள்தான் மனசில் நிற்பார்கள். மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, வருகிறேன் என்று சொன்ன விருந்தாளிக்காக அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து பழகியவர்களா நீங்கள்? அப்படியானால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் என்கிற பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய கிடங்கு. அதை வாடகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அமலன் தம்பி நாடகம் நடத்தினார். என் பிள்ளைகள் கல்யாணமாகிப் போய், வீட்டுக்காரரும் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டிக்கெட் கிழிப்பது, நாற்காலி காட்டுவது, நாடகத் துணிகளைத் தைத்து இஸ்திரி போடுவது, இடைவேளையில் சுக்கு காபி கொடுப்பது எல்லாம் நான்தான்.

நாடகம் சின்னக் கதை. மயிலம் பக்கத்து ஆள் ஒருவர் உடம்பு முடியாத மனைவியைக் கூட்டிக்கொண்டு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வராந்தாவில் பாய் விரித்து நாள் கணக்காக இருக்கிறார்கள். அந்தம்மா பிழைக்கவில்லை. அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, வராந்தாவில் விட்டுப்போன பாயையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துப்போக அவர் தனியாக வருகிறார். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், "மயிலம் ரெண்டு" என்கிறார். கண்டக்டர் ரெண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "இன்னொருத்தர் எங்க?" என்று கேட்கிறார். அதோடு விளக்கு அணைந்துவிடும். இது அமலன் தம்பியின் அப்பாவுக்கு நடந்தது. அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

தம்பியின் மனைவி சிமோனுக்கு அவள் தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் பக்கத்தில் அவள் அண்ணன் இவருக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தான். பிள்ளைகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவள் நச்சரிக்க, தம்பி கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தார். அதற்குள் சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்து, நாடகத்தைப் பார்த்து, பத்திரிகையில் எழுத வேண்டும். எழுதினால் சென்னை நாடக விழாவில் கூப்பிடுவார்கள், குழு நிற்கும், அவரும் இங்கேயே நிற்பார். இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். என்னிடம் அடிக்கடி சொல்வார்: "ஒரே ஒரு ஆள் வந்து முழுசா பாக்கட்டும்மா, போதும்."

தலைமை யார்?

ஏன், உள்ளூரில் பத்திரிகை இல்லையா என்று கேட்பீர்கள். உள்ளூர் நிருபர் ஒவ்வொரு தடவையும் வருவார், குறை சொல்லக்கூடாது. ஆனால் முதல் மணி அடிக்கும் முன்பே வந்து, பொன்னாடை போர்த்துகிறதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் பேப்பரில் "திரளானோர் கண்டுகளித்தனர்" என்று இருக்கும். அவர் கிளம்பின நேரத்தில் உள்ளே நாற்காலிதான் திரளாக இருந்திருக்கும்.

ஒருநாள் கையில் காபியைக் கொடுத்து வாசலில் மடக்கினேன். "ஐயா, ஒரு தடவை உள்ள வந்து பாருங்களேன். அந்த மனுசன் டிக்கெட் கேக்கற எடத்துல நெஞ்சு அடைச்சிடும்" என்றேன். அவர் நிதானமாக ஊதி ஊதிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "நாடகத்த பத்தி எழுதினா யாரும்மா படிக்கப் போறாங்க? தலைமை தாங்குனது யாரு, இனிஷியலோட சொல்லுங்க. அதுல ஒரு எழுத்து தப்பாச்சின்னாதான் எனக்கு போன் மேல போன் வரும்."

ஓரத்து நாற்காலி

மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம், ஃபேனுக்கு நேர் கீழே ஒரு கை வைத்த மர நாற்காலி போட்டிருந்தோம். அது விமர்சகருக்கு. அதற்கு ஒரு மெத்தையும் வெள்ளை உறையும் நானே தைத்தேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் உறையைத் துவைத்துப் போடுவேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரிடம், வராதவரைக் கொண்டுவந்து தரச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் ஃபேன் காற்றுதான் உட்கார்ந்திருந்தது.

எங்களுக்கு நிரந்தர வாடிக்கைக்காரர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோரும் சிப்பாய் என்கிற அர்த்தத்தில் சொல்தா என்பார்கள். நான் ஐயா என்கிற மரியாதையில் முசியே என்பேன். ஒரே நாடகத்தை எத்தனை தடவை போட்டாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிடுவார். பஸ் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கைதட்டுகிறவர் அவர்தான். முதுகு வலி என்பதால் அந்த மர நாற்காலியில் உட்காரப் பார்ப்பார். நான் விடமாட்டேன். "அது மெட்ராஸ்காரங்களுக்கு முசியே" என்று எழுப்பி, பிளாஸ்டிக் நாற்காலிக்கு அனுப்புவேன். ஒருநாள் நாடகம் முடிந்து போகும்போது, காலியாகக் கிடந்த அந்த நாற்காலியைக் கைத்தடியால் தொட்டுக் காட்டிக் கேட்டார். "நான் கைதட்டினா சத்தம் வராதா மதாம்?"

சவரி குடிக்கிறான்

கணவனாக நடிக்கிற சவரி, எங்கள் பங்குக் கோவிலில் வருஷா வருஷம் தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்தில் இயேசுவாக நடிக்கிறவன். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். ஆள் சேரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பெண்களிடம் டிக்கெட் கொடுத்து, "நம்ம சவரிதான், வாங்க" என்று சொல்லிவைத்தேன். ஒரு வரிசை முழுக்க வந்து உட்கார்ந்தார்கள். சவரி மேடைக்கு வந்ததும் பாதிப் பேர் தங்களை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

வராந்தாக் காட்சியில், டாக்டர் கையை விரித்த அன்று, அந்தக் கணவன் துக்கம் தாங்காமல் வெளியே போய்ச் சாராயம் குடித்துவிட்டு வருவான். சவரி நன்றாக நடிப்பான், அதுதான் வினை. பக்கத்து வீட்டு பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்ததும் வரிசையே எழுந்தது. வாசலில் நான் கையைப் பிடித்தேன். "இது கதைடி, உக்காரு" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "போன மாசந்தான் அவரு காலத் தொட்டுக் கும்புட்டேன் ஜெசிந்தா. மூணாம் நாளு எழுந்தவரு, இங்க மூணு கிளாஸ் போட்டுட்டு வுழறாரே!"

முடிவை அனுப்புங்கள்

கடைசியில் ஒருநாள் வந்தார். சென்னையில் ஒரு பத்திரிகையில் எழுதுகிற பையன், என் மகன் வயசு இருக்கும். நாற்காலி உறையில் அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பரபரப்பில் அடுத்தவர் டிக்கெட்டைக் கிழிக்காமலே உள்ளே விட்டுவிட்டேன். முதல் பாதி முழுக்க அசையாமல் பார்த்தார். இடைவேளைக்கு விளக்கு வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, காபி இங்க இருக்குது" என்றேன். "இல்லம்மா, சென்னை பஸ் போயிடும்" என்றார்.

இன்னும் பாதி இருக்கிறது, முடிவில்தான் உயிரே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பையன் மோசமானவர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டிச் சொன்னார்: "அமலன் சார் கிட்ட முடிவ மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்கம்மா."

தம்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்த இன்னும் இரண்டு பேரும் அதே இடைவேளையில், அதே பஸ்ஸுக்கு எழுந்தார்கள். பாதி பார்த்துவிட்டு எழுதுவது நியாயம் இல்லை என்று ஒருவரும் எழுதவில்லை.

நட்சத்திரம்

இப்போது போனில் யார் வேண்டுமானாலும் நட்சத்திரம் போடலாமாம். மூலக்குளத்தில் இருக்கிற என் மகள் ரீட்டா ஒருநாள் போன் செய்து, "அம்மா, உங்க கொட்டகைக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, படிக்கச் சொன்னேன். சனி ஞாயிறு கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர் யாரோ எழுதியது. ரீட்டா படித்தாள்: "சுக்கு காபி சூப்பர். ஆன்ட்டி ரொம்ப அன்பு. உள்ளே ஏதோ நாடகம் மாதிரி நடந்தது."

செத்தவள் இட்லி சாப்பிடுகிறாள்

அன்றைக்குத்தான் தம்பி அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மறுநாள் ஒத்திகையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "பஸ் காட்சிய இடைவேளைக்கு முன்னாடி போட்டுடலாம். வராந்தா காட்சி மிச்சம் பின்னாடி வரட்டும். வர்றவங்க அதையாவது பாத்துட்டு பஸ் ஏறட்டும்." சவரி தரையைப் பார்த்தான். அப்பாவை இடம் மாற்றி வைக்கிற மாதிரி, தம்பி நாற்காலிகளைத் தானே இழுத்து இழுத்து பஸ்ஸாக அடுக்கினார்.

கண்டக்டராக நடிக்கிற தேவராசுவுக்கு மட்டும் அதில் ஒரு நிம்மதி. அவர் நிஜத்திலேயே பஸ் கண்டக்டர். கடைசிக் காட்சி வரை இருப்பதற்காக டியூட்டியை மாற்றி மாற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தவர், இப்போது இடைவேளையோடு வேலை முடிகிறதே என்று, அதே காக்கிச் சட்டையோடு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிச் சென்னை வண்டி டியூட்டி பார்க்க ஆரம்பித்தார்.

ஜனங்களுக்குத்தான் தலை சுற்றியது. முதல் பாதியிலேயே அந்தம்மா போய்விடுகிறாள், அடக்கம் முடிகிறது, பஸ் வருகிறது, எல்லோரும் அழுகிறார்கள். இடைவேளை முடிந்து வந்தால் அவள் வராந்தாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு, புருஷன் சட்னியைச் சட்டையில் சிந்திக்கொண்டதற்குச் சிரிக்கிறாள். அதில்தான் நாடகம் முடியும். பாதிப் பேர் இடைவேளையோடு எழுந்து போனார்கள். வில்லியனூர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். "இன்னாம்மா நாடகம் இது! பொணத்த எடுத்துட்டாங்க, குளிச்சிட்டு ஊட்டுக்குப் போறத வுட்டு இன்னும் இன்னாத்துக்கு உக்காரணும்?"

நிஜ கண்டக்டர்

ஆனால் திட்டம் பலித்தது என்றே நினைத்தோம். அடுத்து வந்த விமர்சகர் பஸ் காட்சியைப் பார்த்துவிட்டு, கண் சிவந்து, இடைவேளையில் எழுந்து போனார். தம்பி முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம். இவர் எழுதுவார் என்றார். நான் அந்தோணியாருக்கு ரெண்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன்.

எழுதவில்லை. நாடகத்துக்கு மறுநாளே தேவராசு வந்து நடந்ததைச் சொல்லியிருந்தார். அந்த விமர்சகர் ஏறினதே அவருடைய பஸ்தான். டிக்கெட் கேட்கப் போனபோது அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். தேவராசு ஆசையோடு, நாடகம் எப்படி சார் இருந்தது என்று கேட்டிருக்கிறார். "'பிரமாதம், நிஜ கண்டக்டர் மாதிரியே இருக்கீங்க'ன்னு சொன்னாரு, அக்கா. சொல்லிட்டு, ஜன்னல்ல சாஞ்சு தூங்கனவருதான், ஊரு வந்து நான் எழுப்பற வரைக்கும் எழுந்துக்கல."

ஆட்டோ

தவணை முடிய இருந்தது. சிமோன் பிள்ளைகளின் துணிகளைப் பிரித்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் விமர்சகர்களிலேயே பெரியவர் ஒருவர் வந்தார். சென்னையில் அவர் எழுதினால் மறுபேச்சு இல்லையாம். வெள்ளை ஜிப்பா, மெல்லிய பேச்சு. நாற்காலியில் உட்காரும் முன் உறையைத் தடவிப் பார்த்து, "யாரு தைச்சது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ் காட்சி முடிந்து விளக்கு வந்தது. சவரி அன்றைக்கு நடித்த மாதிரி என்றைக்கும் நடித்ததில்லை. தேவராசு காக்கிச் சட்டையோடு பின் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நானும் வழக்கம்போல வாசலில் ஆட்டோவை நிறுத்தி, எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குனிந்து, "ஐயா, ஆட்டோ ரெடியா இருக்குது" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஆட்டோ எதுக்கும்மா? பீச் பக்கத்துல ரூம் போட்டிருக்கேன். முடிவப் பாக்காம ஒரு நாடகத்துலேர்ந்து நான் எழுந்து போனதே இல்ல."

உத்தி

இரண்டாம் பாதி முழுக்க நான் வாசலில் நின்று ஜெபித்தேன். என்னவென்று ஜெபிப்பது? முடிவு முடிந்துவிட்டது. மேடையில் அந்தம்மா இட்லி சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். விளக்கு போடுகிற மூலையில் தம்பி இரண்டு கையிலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் கடைசி விளக்கு அணையும்வரை இருந்து, வெறுமனே கும்பிட்டுவிட்டுப் போனார். போயிற்று என்று நினைத்தோம்.

அடுத்த வாரம் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. அத்தனையும் புகழ்ச்சி. மரணத்தை முன்னால் வைத்து, இறந்தவளை எழுப்பிச் சிரிக்க வைத்து முடித்த துணிச்சல் என்று இருந்தது. காலத்தைப் புரட்டிப்போட்ட உத்தி என்று இருந்தது. பஸ் காட்சியைப் பற்றி ஒரே ஒரு வரி: அது கொஞ்சம் அவசரமாக வந்துவிட்டது போல இருக்கிறதாம். சிமோன் சத்தமாகப் படித்தாள். சவரி தம்பியைக் கட்டிப்பிடித்தான். நானும் சிலுவை போட்டுக்கொண்டு நன்றி சொன்னேன். தம்பி பேப்பரை வாங்கி மடித்து, மறுபடியும் மடித்து, கையளவு ஆக்கினார். "நான் பொரட்டிப் போட்டது காலத்த இல்லம்மா, பஸ் டைம."

அதே மாதிரி

விழாக்காரர்கள் கூப்பிட்டார்கள். நாங்கள் ஒரு வருஷமாக வேண்டிக்கொண்ட அதே போன். நான் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், தம்பி ஸ்பீக்கரில் பேசினார். சென்னையில் பெரிய அரங்கம், நல்ல நாள், வாருங்கள் என்றார்கள். தம்பி சின்னக் குரலில் ஒன்று கேட்டார்: நாடகத்தின் நிஜமான முடிவு வேறு, பஸ்ஸில்தான் முடியும், அப்படிப் போடலாமா? அந்தப் பக்கம் சிரித்தார்கள். "விமர்சனத்துல எது வந்துச்சோ அதப் பாக்கத்தான் சார் ஜனம் வரும். மாத்திட்டீங்கன்னா அது வேற நாடகம் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். யோசிக்கவில்லை. சிமோனிடம் விமான டிக்கெட் போடச் சொன்னார். முசியே அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பூட்டிய கதவுக்கு வெளியே நாங்கள் நின்றிருந்தோம். "ரெண்டு முடிவையும் முழுசா பாத்தவன் நான் ஒருத்தன்தான் அமலன். எது நல்லா இருந்திச்சின்னு என்ன ஒருத்தரும் கேக்கலியே" என்றார். தம்பி அப்போதும் கேட்கவில்லை. ஒரு வருஷமாகப் போகலாம் போகலாம் என்று சண்டை போட்ட சிமோன்தான் என் தோளில் சாய்ந்து அழுதாள். "போவலாம்னுதாம்மா சொன்னேன். இப்டிப் போவலாம்னு நான் சொல்லலியே."

கிளாம்பாக்கம் நாலு

சாமான் இருக்கிறது, சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று சிமோன் சொன்னாள். தம்பி கேட்கவில்லை, பஸ்தான் என்றார். நான் பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அந்தோணியார் மெடல் ஒன்றைத் தம்பி சட்டைப் பையில் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொட்டகை சாவி ஓனர் கிட்ட குடுத்துட்டேன்மா, அந்த மர நாற்காலிய மட்டும் நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

வண்டியில் தேவராசுதான் டியூட்டி. ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. தம்பி, பக்கத்தில் சிமோன், முன் சீட்டில் பிள்ளைகள். மேடையில் நாங்கள் அடுக்கினது போலவே இரண்டு இரண்டு சீட்டு. தேவராசு வரிசையாக டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்து தம்பியிடம் நின்றார். தம்பி முகத்தைப் பார்க்காமல், "கிளாம்பாக்கம் நாலு" என்றார். தேவராசு மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் யாரோ சில்லறைக்குச் சத்தம் போட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"இந்த வண்டியப் புடிக்கத்தான் சார் வந்தவங்க எல்லாம் எழுந்து ஓடுனாங்க. இன்னிக்கி நீங்களும் பாதியில எழுந்து போறீங்களே சார்."

அந்த ஓரத்து நாற்காலி இப்போது என் வீட்டில் மாதா படத்துக்கு எதிரில் கிடக்கிறது. சாயங்காலம் முசியே வந்தால் அவருக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன், வராத நாளில் நானே அதில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறேன், தெருவில் எந்த பஸ் ஹாரன் அடித்தாலும் முடிவு வரைக்கும் எழுந்திருப்பதில்லை.